மிச்சமான சைல்ட்கேர் வவுச்சர்: பணமாகக் கேட்பதற்கு முன்

போன வருடம் ஏதோ ஒரு பழைய ரசீதைத் தேடப் போய், மறந்தே போயிருந்த சைல்ட்கேர் வவுச்சர் கணக்கைத் திறந்தேன். பிரிட்டனில் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, பிள்ளைப் பராமரிப்புக்கு மட்டும் செலவழிக்க ஆபீஸ் வழியாக வரியில்லாமல் வாங்கும் சீட்டு அது. மீதி 1,458 பவுண்டு. எப்படி வந்தது என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். 2020 லாக்டவுனில் பையனை நர்சரியிலிருந்து நிறுத்தி ஆறு மாதம் வீட்டிலேயே வைத்திருந்தோம். வவுச்சரையும் நிறுத்தச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை. மாதம் 243 வீதம் ஆறு மாதம். சம்பளச் சீட்டை மாதாமாதம் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

நம் பணம்தானே, ஒரு போன் போட்டால் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் தவறு அதுதான். வவுச்சர் கம்பெனியில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, "உங்கள் ஹெச்ஆரிடம் கேளுங்கள்" என்றார்கள். சிலர் வரித்துறையான எச்எம்ஆர்சிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கிருந்தும் இந்தப் பணம் வராது. இது நாம் போட்டு வைத்த சேமிப்பு இல்லை. நாம் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தோம், அதற்குப் பதிலாக வேலை கொடுத்தவர் வவுச்சர் தந்தார், அவ்வளவுதான். அதனால் திரும்புவதும் அதே வழியில்தான்: வவுச்சர் கம்பெனி நம் கம்பெனிக்கு அனுப்பும், நம் கம்பெனி பேரோல் வழியாகச் சம்பளமாகத் தரும். டாக்ஸும் நேஷனல் இன்ஷூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கும் அரசுக் காப்பீட்டுத் தொகை) பிடித்துக்கொண்டுதான்.

தருவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் கம்பெனியின் விருப்பம், திட்ட விதிகளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. அவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணமும் உண்டு. வவுச்சராகத் தந்தபோது அவர்கள் தங்கள் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டவில்லை. சம்பளமாகத் தந்தால் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அது 15 சதவீதம். என் 1,458-க்கு அவர்கள் கைக்காசு ஏறக்குறைய 219 பவுண்டு போகும். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஈமெயிலின் தொனி தானாகவே மாறிவிடும். வேலையை விடப்போகிறீர்கள் என்றால், விடுவதற்கு முன்பே கேளுங்கள். வேலை போனாலும் கணக்கில் இருக்கும் வவுச்சரைச் செலவழிக்கலாம். ஆனால் போன ஆளுக்குப் பணமாகத் தர எந்தப் பேரோலுக்கும் அவசரம் இருக்காது.

அடுத்த தவறு, கணக்குப் போடாமல் பதறுவது. "டாக்ஸ் பிடித்தால் நஷ்டம்தானே?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எப்போதும் இல்லை. நான் 2020-இல் 20 சதவீத வரிக்காரன். அப்போது நேஷனல் இன்ஷூரன்ஸ் 12 சதவீதம். ஆக அந்த 1,458 வவுச்சருக்காகக் கைச் சம்பளத்தில் நான் இழந்த தொகை 991 பவுண்டுதான். இப்போது நேஷனல் இன்ஷூரன்ஸ் 8 சதவீதமாக இறங்கிவிட்டது. இன்றும் 20 சதவீத வரியிலேயே இருந்தால் திரும்பி வருவது 1,050. சும்மா கிடந்ததற்கு 58 பவுண்டு லாபம்! ஆனால் இடையில் சம்பளம் ஏறி 40 சதவீத வரிக்குப் போயிருந்தால் கதை வேறு: 42 சதவீதம் (வரி 40, நேஷனல் இன்ஷூரன்ஸ் 2) போய் 846தான் கைக்கு வரும், போட்டதைவிட 145 குறைவு. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் தங்கள் வரி விகிதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

வரி மட்டும் பார்த்தால் போதாது. திரும்பி வரும் பணம் அந்த வருடத்து வருமானமாகச் சேரும். உங்கள் வருமானம் 59,500 பவுண்டு என்றால், இது சேர்ந்து 60,000-ஐத் தாண்டி, பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வைக்கும். 100,000-ஐத் தாண்ட வைத்தால் கடைக்குட்டிக்குக் கிடைக்கும் 30 மணி நேர இலவசப் பராமரிப்பும், வவுச்சருக்குப் பதிலாக வந்த டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் திட்டமும் போய்விடும். குறைந்த வருமானக்காரர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு அந்த மாதக் கணக்கில் பவுண்டுக்கு 55 பென்ஸ் வரை குறையலாம். வரி வருடம் ஏப்ரல் 5-இல் முடிகிறது. மார்ச்சில் கேட்பதா, ஏப்ரல் சம்பளத்தோடு கேட்பதா என்று ஒரு நிமிடம் யோசித்தால் சில நூறு பவுண்டு மிஞ்சலாம்.

சரி, இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. செலவழிக்க வழி இருக்கும்போதே பணமாகக் கேட்பது. வவுச்சராகக் கொடுத்தால் ஒரு பவுண்டு முழுப் பவுண்டுதான், பணமாக வாங்கினால் 72 பென்ஸ் அல்லது 58. நர்சரி முடிந்தால் வவுச்சரும் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு 15 வயது முடிந்து அடுத்து வரும் செப்டம்பர் 1 வரை இந்தத் திட்டம் பொருந்தும். (மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் 16.) பள்ளி தொடங்கும் முன் பிள்ளையை விடும் கிளப், ஆஃப்டர் ஸ்கூல் கிளப், விடுமுறை முகாம், சைல்ட்மைண்டர் (தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்), பதிவு செய்த நானி (நம் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர்) எல்லாமே சேர்த்தி. ஒரே நிபந்தனை, அந்த இடம் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் என்றால், இந்த இடங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் பரத வகுப்புக்கும் கொடுக்கலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. அந்தப் பதிவு இருந்தால் பார்க்கலாம், பெரும்பாலும் இருக்காது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் கொடுக்க முடியாது. அம்மாவும் வாங்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

தெரிந்த சைல்ட்மைண்டருக்கு வவுச்சரை அனுப்பிவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்குவது, தெரிந்தவருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது என்ற யோசனைகளும் காதில் விழும். வரிவிலக்கு தந்ததே பிள்ளைப் பராமரிப்புக்கு மட்டும்தான். மாட்டினால் உங்களோடு அந்தச் சைல்ட்மைண்டரும் பதில் சொல்ல வேண்டிவரும். முன்பணமாகக் கட்டி வைப்பது நேர்மையான வழி; ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள், இடத்தை மூடிவிட்டால் யாரிடம் கேட்பது?

மிச்சம் சேர்கிறதே என்று கோபத்தில் வவுச்சரை அடியோடு நிறுத்துபவர்களும் கொஞ்சம் பொறுங்கள். 2018 அக்டோபர் 4-க்குப் பிறகு புதிதாக யாரும் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. 52 வாரம் தொடர்ந்து வவுச்சரே வாங்காமல் இருந்தால் வெளியே போனதாகத்தான் கணக்கு, திரும்பி வர வாசல் இல்லை. பின்னால் தேவைப்படலாம் என்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது வருடத்தில் ஒரு மாதமாவது எடுங்கள். இரண்டாவது குழந்தைக்காக டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேருக்கு மாறுகிறீர்கள் என்றால் மட்டும் இதற்கு நேர் எதிர்: விண்ணப்பித்த 90 நாளுக்குள் ஆபீஸில் சொல்லி வவுச்சரை நிறுத்தியாக வேண்டும். ஏற்கெனவே கணக்கில் இருப்பதைச் செலவழிக்கத் தடை இல்லை.

என் ஆபீஸில் பேரோல்காரர் இரண்டு வாரம் கழித்து, "தரலாம், ஒரு படிவம் நிரப்புங்கள்" என்று பதில் போட்டார். அதற்குள் மனைவி சமையலறைக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு விடுமுறை நாட்களை எண்ணிவிட்டாள். பக்கத்து ஹாலிடே கிளப் ஒரு நாளைக்கு 35 பவுண்டு, ஆஃப்ஸ்டெட் பதிவும் இருந்தது. கோடை விடுமுறையில் 30 நாள், இரண்டு அரைப்பருவ விடுமுறையில் 10 நாள், ஒரு ஆசிரியர் பயிற்சி நாள். மொத்தம் 41 நாள், 1,435 பவுண்டு. படிவத்தை நிரப்பவே இல்லை. கணக்கில் இப்போது 23 பவுண்டு கிடக்கிறது.