1.0 ஈக்கோபூஸ்ட் எஞ்சின்: ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டும் உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

2013 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகரில் தயாரித்த ஈக்கோஸ்போர்ட் காரை இந்தியாவில் அறிமுகப்படுத்தியபோது, அதில் ஒரு லிட்டர் கொள்ளளவுகூட நிரம்பாத மூன்று சிலிண்டர் டர்போ (காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும் கருவி) பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் இடம்பெற்றிருந்தது. 999 சிசி கொண்ட அந்த 1.0 ஈக்கோபூஸ்ட் 125 பிஎஸ் (குதிரைத்திறன்) ஆற்றலையும் 170 நியூட்டன் மீட்டர் இழுவிசையையும் தந்தது. அதே காரில் கிடைத்த டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தந்தது 112 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர். 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேச விருதைப் பெற்ற வடிவமைப்பு இது. 2020-இல் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது இந்தியாவில் இதன் விற்பனை நின்றது. ஆகவே இன்று நம் சாலைகளில் ஓடும் ஈக்கோபூஸ்ட் கார்களில் பல, இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கின்றன. விலை குறைவாகக் கிடைக்கிறது, ஓட்ட அருமையாக இருக்கிறது என்று வாங்குபவர்கள், பழைய பெட்ரோல் எஞ்சினைப் பராமரித்த அதே பழக்கத்தோடு இதையும் பராமரிக்கிறார்கள். கெடும் எஞ்சின்களில் பெரும்பாலானவை அந்தப் பழக்கத்தால் கெடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

இந்த எஞ்சினின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் தவறுகள் ஏன் தவறுகள் என்பது தானாக விளங்கும். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. புகைபோக்கிக் குழாய்த் தொகுதி தனியாக இல்லாமல், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால், வெளியேறும் வெப்பத்தின் கணிசமான பங்கை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்தான் சுமக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்றுகள் வரை சுழலக்கூடியது. அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து நிற்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டும், ஆயில் பம்பை ஓட்டும் இன்னொரு சிறிய பெல்ட்டும் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடுகின்றன. உராய்வும் சத்தமும் குறையும் என்பதற்காக இப்படி அமைத்தார்கள். மற்ற பெரும்பாலான எஞ்சின்களில் ஆயில் உலோகத்தை மட்டும் காக்கிறது. இங்கே ரப்பரையும் துணியிழையையும் கொண்ட பெல்ட்டின் ஆயுளையும் அதே ஆயில்தான் தீர்மானிக்கிறது.

அதனால் முதல் தவறும் மிகப் பெரிய தவறும் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. இந்த எஞ்சினுக்கு ஃபோர்டு குறிப்பிட்டது டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரக்குறியீடு கொண்ட 5டபிள்யூ-20 ஆயில் (இது ஆயிலின் தடிப்பைக் காட்டும் எண்). அதே ஈக்கோஸ்போர்ட்டின் டீசல் எஞ்சினுக்கு வேறு குறியீடு கொண்ட 5டபிள்யூ-30. பட்டறையில் ஒரே பீப்பாயிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் ஊற்றும் வழக்கம் இருப்பதால் டீசலுக்கான ஆயில் இதற்குள் போய்விடுகிறது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-20 ரொம்பத் தண்ணியா இருக்கும்’ என்று சொல்லி 15டபிள்யூ-40 ஊற்றுபவர்களும் உண்டு. அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அதன் விளைவு பெல்ட்டின் மேல் விழுகிறது. தடித்த ஆயிலைக் காலையில் குளிர்ந்த எஞ்சினில் தள்ளும்போது பம்பை ஓட்டும் சிறிய பெல்ட்டின் மேல் சுமை கூடுகிறது. பெல்ட்டின் ரப்பரோடு ஒத்துப்போகுமா என்று சோதிக்கப்படாத வேதிச் சேர்க்கைகள் அந்த ரப்பரை மெதுவாக இளக்குகின்றன. ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-20 என்று மட்டும் இருந்தால் போதாது. 948-பி என்ற குறியீடும் அச்சாகியிருக்க வேண்டும்.

இளகிய பெல்ட் என்ன செய்யும் என்பதை ஒரு பட்டறையில் அருகிலிருந்து பார்த்தேன். 2014 மாடல் கார். ஓடியது எழுபதாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். மெக்கானிக் எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரைத் தனியாக எடுத்து, வெள்ளைப் பனியன் துணியின் மேல் தட்டினார். தேயிலைத் தூள்போலக் கறுப்பாக ஒரு கைப்பிடி உதிர்ந்தது. விரலிடையில் உருட்டினால் மண்போல நெருடவில்லை, ரப்பர் அழிப்பானின் துகள்போல மெத்தென்று இருந்தது. ஓரிரு துணுக்குகளில் நூலிழைகூடத் தெரிந்தது. பாதிக்கு மேல் வலைக்கண்கள் அடைபட்டிருந்தன. உரிமையாளர் எல்லா சர்வீஸ் பில்களையும் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு பில்லிலும் ஆயிலின் குறியீடு இல்லை, ‘எஞ்சின் ஆயில் 4 லிட்டர்’ என்று மட்டுமே இருந்தது. நேரத்துக்குச் சர்வீஸ் செய்தவர், செலவுக்கு அஞ்சாதவர். அவர் வண்டிக்குள் போனது எந்த ஆயில் என்பது மட்டும் அவருக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து, சீல் உடையாத டப்பாவைக் கண்ணெதிரே திறந்து ஊற்றச் சொல்லுங்கள், குறியீட்டைப் பில்லில் எழுதி வாங்குங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது தவறு கிலோமீட்டரை மட்டும் கணக்கு வைப்பது. ‘வண்டி வருஷத்துக்கு நாலாயிரம்தான் ஓடுது, ஆயில் புதுசு மாதிரியே இருக்கும்’ என்று இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் குறைவாக ஓடும் வண்டியின் ஆயில்தான் இங்கே சீக்கிரம் கெடுகிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் சூடேறிய ஆயிலிலிருந்து அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடைவீதி என்று மூன்று நான்கு கிலோமீட்டரில் நின்று நின்று ஓடும் வண்டியில் அது ஆவியாக நேரமே கிடைப்பதில்லை. பெட்ரோல் கலந்த ஆயில் பெல்ட்டின் ரப்பரை ஊறவைக்கிறது. மாதம் ஒருமுறை ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு குறையாமல் கூடியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ, கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆறு மாதம் அல்லது ஐயாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது என்பேன். ஒரு முறை ஆயில் மாற்றும் செலவு, எஞ்சினைப் பிரித்துப் போடும் செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

இதோடு சேர்ந்தது, ஆயில் மாற்றும்போது ‘எஞ்சின் ஃப்ளஷ்’ ஊற்றிக் கழுவுவது. உலோகச் சங்கிலி ஓடும் எஞ்சினில் அதற்கு ஏதேனும் பயன் இருக்கலாம். ரப்பர் பெல்ட் ஊறிக்கிடக்கும் எஞ்சினில் கரைப்பான் கலந்த திரவத்தை ஊற்றி ஓடவிடுவது பெல்ட்டைக் கழுவுவதற்கு அல்ல, கரைப்பதற்கே உதவும். சர்வீஸ் பட்டியலில் அந்த வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பெல்ட்டின் ஆயுளை மறந்துவிடுவது. ஐரோப்பாவில் இந்த டைமிங் பெல்ட்டுக்குச் சொல்லப்பட்ட எல்லை 10 ஆண்டுகள் அல்லது 2,40,000 கிலோமீட்டர், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று நிம்மதி அடைகிறார்கள்; ஆனால் 2013-இல் வாங்கிய வண்டிக்கு ஆண்டுக்கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு முடியாது. பிஸ்டனும் வால்வும் ஒன்றின் வழியில் ஒன்று நகரும் அமைப்பு இது என்பதால், தாளம் தப்பிய கணமே வால்வுகள் வளைந்துவிடும். டைமிங் பெல்ட்டை மாற்றும்போது ஆயில் பம்ப் பெல்ட்டை விட்டுவிடுவதும் கூடாது. அந்தச் சிறிய பெல்ட்டின் முக்கியத்துவத்துக்குச் சான்று வேண்டுமானால் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் கார்களைச் சரிசெய்து தர ஃபோர்டு அறிவித்த திரும்பப்பெறலைப் (ரீகால்) பார்க்கலாம். 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான ஈக்கோஸ்போர்ட் ஆகியவற்றில் 1.0 எஞ்சின் கொண்ட சுமார் 1,39,000 கார்கள் அதில் அடங்கின. ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பற்கள் உதிரலாம், ஆயில் அழுத்தம் போய் ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போகலாம் என்பதே காரணம். அமெரிக்காவில் விற்ற அந்த ஈக்கோஸ்போர்ட்டுகள் நம் மறைமலை நகரில் தயாராகிக் கப்பலேறியவை. பிற்காலப் பதிப்புகளில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி வைத்த பிறகும் பம்புக்குப் பெல்ட்டே தொடர்ந்தது.

பெல்ட் மாற்றுவதையும் தெரிந்த கையிடம்தான் கொடுக்க வேண்டும். பல எஞ்சின்களில் கிராங்க் புல்லியை ஒரு சாவித்துண்டு சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும். இந்த எஞ்சினில் அது கிடையாது. ஒரே ஒரு போல்ட்டின் இறுக்கம்தான் எல்லாவற்றையும் நிலைநிறுத்துகிறது. போதாததற்கு, மூன்று சிலிண்டரின் அதிர்வை அடக்கத் தனிச் சமநிலைத் தண்டு வைக்காமல், புல்லியையும் ஃப்ளைவீலையும் வேண்டுமென்றே எடை பிசகாக அமைத்திருக்கிறார்கள். ஆகவே பெயின்டால் குறி வைத்துக்கொண்டு கழற்றி மாட்டும் முறை இங்கே எடுபடாது. கிராங்க்கையும் கேம்களையும் பூட்டி நிறுத்தும் தனிக் கருவிகள் உங்களிடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இந்த வேலையை மட்டும் வேறிடம் கொண்டுபோவதே நல்லது.

கூலன்ட்டைப் பொறுத்தவரை, குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவது நம் ஊரின் நெடுநாள் பழக்கம்; இங்கே அதுவும் தவறுதான். முன்பே சொன்னபடி இந்த எஞ்சினின் ஹெட் தாங்கும் வெப்பம் மிக அதிகம். ஐரோப்பாவில் ஆரம்பகால ஃபோகஸ் கார்களில் கூலன்ட் தொட்டிக்குச் செல்லும் பிளாஸ்டிக் குழாய் வெடித்து, ஓட்டுநர் உணர்வதற்குள் கூலன்ட் காலியாகி, எஞ்சின்கள் வீணான வரலாறு உண்டு. பத்து ஆண்டு ஆன குழாய்களும் இணைப்புகளும் எந்த நாட்டிலும் நொறுங்கக்கூடியவையே. வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொட்டியின் அளவைப் பாருங்கள். ஒருமுறை குறைந்திருந்தால் நிரப்புங்கள். மறுமுறையும் குறைந்தால் நிரப்பிக்கொண்டே ஓட்டாமல், எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒரு தவறு உண்டு. நிமிடத்துக்கு 1400 சுற்றிலேயே முழு இழுவிசையும் கிடைப்பதால், மேட்டில் ஐந்தாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த சுற்றில் அதிகச் சுமை ஏற்றினால், தீப்பொறி பறக்கும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் சிறிய டர்போ எஞ்சின்களுக்கே உரியது. அது பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு வலுவானது. ஒரு கியர் குறைத்து 2000 சுற்றுக்கு மேல் கொண்டுவந்து ஏறினால் போதும். அதேபோல நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல், ஒரு நிமிடம் எஞ்சினை அப்படியே ஓடவிட்டால் டர்போவின் தண்டில் தங்கிய ஆயில் கருகாது.

மற்றவை சின்ன விஷயங்கள். இழுவை குறைந்து விசில்போலச் சத்தம் வந்தால் உடனே டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டி, பெரும் செலவில் மாற்றிவிடாதீர்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் ஒரு விரிசலோ தளர்ந்த கிளிப்போ காரணமாக இருக்கலாம், புகை விட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைப் பொதுவானவையாக இல்லாமல் இந்த எஞ்சினுக்கு உரியவையாகவே வாங்குங்கள். நேரடிப் பீய்ச்சல் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால் அங்கே கரி படியும். பெட்ரோலில் கலக்கும் கிளீனர் அந்த இடத்தை எட்டாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய ஈக்கோபூஸ்ட் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பெயின்டையும் டயரையும் பார்க்கும் முன் பில்களைக் கேளுங்கள். ஆயில் குறியீடும் பெல்ட் மாற்றிய தேதியும் அவற்றில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, இரண்டு பெல்ட்டுகளுக்கும் ஆகும் செலவைப் பேசும் விலையிலிருந்து கழியுங்கள். விற்பவர் சம்மதித்தால் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். அதில் கறுப்புத் துகள் இருந்தால் பெல்ட்டுகளை மாற்றும்வரை வண்டியை ஓட்டிக்கூடக் கொண்டுவர வேண்டாம், ஏற்றிக் கொண்டுவாருங்கள்.