இரண்டு அலுவலகம், ஒரு வீடு: சென்னைத் தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், இருவரின் பணியிடமும் நகரத்தின் ஒரே பக்கத்தில் அமைவது அரிது. இந்நகரத்தின் வேலைவாய்ப்புகள் ஒரே மையத்தைச் சுற்றி வளரவில்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தரமணியில் தொடங்கி, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிச் சிறுசேரி வரை நீள்கின்றன. கார், கைப்பேசித் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றி இருக்கின்றன. சிறு, நடுத்தர இயந்திரத் தொழில்கள் அம்பத்தூரிலும், சுத்திகரிப்பு ஆலைகள் மணலியிலும், நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் பெரிய மருத்துவமனைகளில் பலவும் பழைய நகருக்குள்ளும் உள்ளன. எனவே அம்பத்தூரில் வேலை பார்ப்பவரும் சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவரும் மணந்துகொள்ளும்போது, குடியிருக்கும் இடத்தைத் தேர்வதுதான் அவர்கள் சேர்ந்து எடுக்கும் முதல் பெரிய முடிவாக அமைகிறது. பெரும்பாலான குடும்பங்கள் அதை வீட்டின் அறைகளையும் வாடகையையும் மட்டும் பார்த்து எடுத்துவிடுகின்றன.

மிகப் பரவலான தவறு, நிலப்படத்தில் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, அங்கே வீடு தேடுவது. மேலே சொன்ன தம்பதியருக்கு அந்த நடுப்புள்ளி கிண்டிக்கும் நந்தம்பாக்கத்துக்கும் அருகில் எங்காவது விழும். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், ஒருவர் காலையில் கத்திப்பாராவைக் கடந்து வடமேற்கே போகிறார்; மற்றவரோ, எல்லோரும் போகிற திசையிலேயே, எல்லோரும் போகிற நேரத்திலேயே தெற்கே போகிறார். இருவருமே களைத்து வீடு திரும்புகிறார்கள். நடுப்புள்ளி தூரத்தை மட்டுமே சமமாகப் பங்கிடுகிறது. சென்னையில் 15 கிலோமீட்டர் என்பது புறநகர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். அதே 15 கிலோமீட்டர் மாலை ஆறரை மணிக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில் இரு மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கிலோமீட்டரைப் பாதியாக்குவதால் இருவரின் உழைப்பும் பாதியாகிவிடாது.

அதற்குப் பதிலாக முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இருவரில் யாருடைய நாள் வளையாதது என்பதாகும். காலை ஆறு மணி ஷிப்டுக்குத் தொழிற்சாலை வாயிலில் நிற்க வேண்டியவர், மருத்துவமனையில் முறை மாற்றிக்கொள்ள வரும் செவிலியர், காலை வழிபாட்டுக்கு முன்பே பள்ளியில் இருக்க வேண்டிய ஆசிரியர், வங்கியில் கவுன்டர் திறக்க வேண்டியவர் ஆகியோரின் நேரம் வளையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், பதினொரு மணிக்கும் அலுவலகம் போகலாம் என்ற நிலையில் உள்ளவருக்கு, அலுவலகம் தொலைவில் இருந்தாலும் சுமை குறைவுதான், ஏனெனில் நெரிசல் நேரத்தைத் தவிர்க்க அவருக்கு வழி இருக்கிறது. வீட்டை வளையாத நேரமுடையவருக்கு அருகில் வைப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் சலுகை எழுத்தில் இருக்கிறதா, மேலாளரின் வாய்ச்சொல்லாக மட்டும் இருக்கிறதா என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சலுகை திரும்பப் பெறப்பட்டால் மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

நிறுவனப் பேருந்து உள்ளவர்கள் இன்னொரு தவறு செய்வதுண்டு. ஒரகடத்தில் வேலை என்றால் ஒரகடத்துக்கு அருகில்தான் வீடு பார்க்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். நாள்தோறும் உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடம் பேருந்து நிற்கும் நிறுத்தம்தான். கணவருக்கு ஒரகடத்திலும் மனைவிக்குத் திருவான்மியூர் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள டைடல் பூங்காவிலும் வேலை என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைப் பேருந்து வேளச்சேரியில் நிற்குமானால், நிலப்படத்தில் ஒரகடத்துக்கு வெகு தொலைவான வேளச்சேரி அவர்களுக்கு நல்ல தேர்வாகிறது. மனைவிக்குப் பறக்கும் ரயிலில் மூன்றாவது நிலையமே அலுவலகம், கணவர் பேருந்தில் அமர்ந்து உறங்கியபடியே போகலாம். எனவே வீடு தேடும் முன்பே நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவில் வழித்தடப் பட்டியலையும், ஒவ்வொரு ஷிப்டுக்கும் எந்த நிறுத்தங்கள் உண்டு என்பதையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். பொது ஷிப்டுக்கு உள்ள நிறுத்தம் இரவு ஷிப்டுக்கு இல்லாமல் போகலாம்.

இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பல வீடுகளில் யாருடைய வேலை வளையும் என்ற கேள்வி கேட்கப்படுவதே இல்லை. மனைவியின் வேலைதான் வளையும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. கணவரின் அலுவலகத்துக்கு அருகில், அல்லது கணவரின் பெற்றோர் இருக்கும் தெருவில் வீடு அமைகிறது; மனைவி அதிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, இரவு வந்து மீண்டும் அடுப்படிக்குள் நுழைகிறார். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து அவர் வேலையை விடும்போது, அது அவருடைய சொந்த விருப்பமாகப் பேசப்படுகிறது. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், மாதம் 22 வேலைநாள்களில் 66 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் எட்டு நாள்களுக்கும் மேல். இந்தச் சுமையை யார் ஏற்பது என்பதை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். வீட்டு வேலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அதே பேச்சில் சேர்த்துக்கொள்ளாவிட்டால், பயண நேரக் கணக்கு பாதிக் கணக்காகவே நிற்கும்.

அடுத்த தவறு, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவெடுப்பது. ஞாயிறு மதியம் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு எளிதாகப் போய்விடலாம். முன்பணம் கொடுக்கும் முன், திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை காலையில், அலுவலகம் போகும் அதே நேரத்தில், அந்தத் தெருவிலிருந்து புறப்பட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் திரும்பியும் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலி காட்டும் நிமிடங்களில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரமும், நிலையத்தில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரமும், அடுத்த ரயிலுக்கு நிற்கும் நேரமும் பெரும்பாலும் அடங்குவதில்லை. எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்பது மொத்தத் தூரத்தைவிட முக்கியமானது. கிண்டியிலும் பரங்கிமலையிலும் புறநகர் ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறுவது எளிது. ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் மெட்ரோவின் நீல, பச்சை வழித்தடங்கள் சந்திக்கின்றன. இப்படிப்பட்ட சந்திப்புகளை ஒட்டி அமையும் குடும்பத்துக்கு, நாளை ஒருவர் வேலை மாறினாலும் வீடு மாற வேண்டிய தேவை குறைகிறது. குரோம்பேட்டை, பல்லாவரம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளை இரண்டு திசையில் வேலை பார்க்கும் தம்பதியர் முதலில் பரிசீலிக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மெட்ரோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய சேவை, இன்று வடக்கே விம்கோ நகர் முதல் தெற்கே விமான நிலையம் வரை ஓடுகிறது. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டம் மாதவரம், சிறுசேரி, கலங்கரை விளக்கம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் ஆகியவற்றை இணைக்கும் மூன்று வழித்தடங்களாகத் திட்டமிடப்பட்டது. அது இந்நகரின் தம்பதியருக்குப் பெரும் உதவியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டு விளம்பரங்களில் வரும் ‘மெட்ரோ நிலையத்துக்கு ஐந்து நிமிடம்’ என்ற சொற்களை, அந்த நிலையத்தில் ரயில் நிற்கத் தொடங்கிய பிறகே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை தூண்களும் தடுப்புகளும் சாலையை ஒடுக்கி நிற்கும். இன்று போகும் பாதை அடுத்த மாதம் ஒருவழியாகலாம்.

மழையை மறந்து முடிவெடுப்பது சென்னைக்கே உரிய தவறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வீடு தேடுவதோ பலருக்கு, பள்ளித் தொடக்கத்தை ஒட்டி, கோடையில் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் நின்றது. மேலே நான் எடுத்துக்காட்டாகச் சொன்ன வேளச்சேரியிலும் தெருவுக்குத் தெரு நிலைமை வேறுபடும். தரகரிடம் கேட்டால் தண்ணீர் வராது என்றுதான் சொல்வார். அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரிடமும், பால் பூத்திலும், பக்கத்து வீட்டுக் காவலாளியிடமும் கேட்டால், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பது தெரிந்துவிடும். வீடு மேட்டில் இருந்தாலும் அலுவலகத்துக்குப் போகும் வழி பள்ளத்தில் இருந்தால் பயனில்லை. கனமழையில் தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதை, வியாசர்பாடியின் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவை மூடப்படும்போது மாற்று வழி என்ன என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்.

பணக் கணக்கில் வாடகையை மட்டும் ஒப்பிடுவது எளிதில் நேரும் பிழை. தொலைவில் ஒரு வீட்டுக்கு 6,000 ரூபாய் வாடகை குறைவு என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஒருவர் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் கூடுதலாகக் காரில் போகிறார் என்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் விலை சுமார் 100 ரூபாய் என்ற கணக்கில், 22 நாள்களுக்கு 7,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மிச்சம் என்று எண்ணியது கையை விட்டுப் போகிறது. இதோடு பராமரிப்புக் கட்டணத்தையும், தண்ணீர் லாரிக்கு அடுக்ககம் பங்கிட்டு வாங்கும் தொகையையும், தனி மின்கட்டண அட்டை உண்டா, உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்பதையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். மறுபுறம், மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நேரடிப் பேருந்து கிடைக்கும் தெருவில் வீடு அமைந்தால் அந்தச் சேமிப்பு மாதந்தோறும் நிற்கும்.

குழந்தை உள்ளவர்களும், விரைவில் எதிர்பார்ப்பவர்களும், இரண்டு அலுவலகங்களோடு மூன்றாவதாக ஒரு புள்ளியைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். பள்ளியிலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்று நண்பகலில் அழைப்பு வந்தால், அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியவர் யார்? பெற்றோர் இருவரில் ஒருவராவது அந்தத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். இல்லையெனில் தாத்தா பாட்டியோ, நம்பிக்கையான உறவினரோ இருக்க வேண்டும். இருவரும் எதிரெதிர் மூலைகளில் சிக்கி, பிள்ளை பள்ளி அலுவலக அறையில் காத்திருக்கும் நிலையைவிட வாடகையில் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவோ மேல். 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல், 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் சட்டப்படி குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். அந்த வசதி எந்த அலுவலகத்தில் உண்மையில் நடக்கிறது, எத்தனை வயது வரை, மாலையில் எத்தனை மணி வரை என்று அறிந்த பின், வீட்டை அந்த அலுவலகத்தின் பக்கம் நகர்த்துவது அறிவுடைய செயல். ஆனால் கைக்குழந்தையை நெரிசலில் ஒரு மணி நேரம் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால், வீட்டருகே உள்ள காப்பகமே நல்லது.

அவசரப்பட்டுச் சொந்த வீடு வாங்குவதும், பெருந்தொகை கொடுத்து மூன்றாண்டு லீசுக்கு எடுப்பதும், திருமணமான முதல் ஓரிரு ஆண்டுகளில் தவிர்க்கத்தக்கவை. தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு, அலுவலகம் மாறும் வாய்ப்பு வீட்டுக்கடன் முடியும் வாய்ப்பைவிட மிக அருகில் இருக்கிறது. கொடுத்த முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வீட்டை விற்றாலும் திரும்பி வரா. முதலில் வாடகைக்கு இருந்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு பள்ளித் தொடக்கத்தையும் அந்தப் பகுதியில் பார்த்துவிட்டு, பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

வாடகை ஒப்பந்தத்திலும் கவனம் தேவை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முன்பணத்தை மூன்று மாத வாடகைக்கு வரம்பிடுகிறது. ஆனாலும் சென்னையில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கேட்டவுடன் ஒப்புக்கொள்ளாமல் பேசிக் குறைக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச யாரும் விரும்பாததால், அந்த மாதங்களில் காலியாக நிற்கும் வீட்டின் உரிமையாளர் பேச்சுக்கு இணங்குவார். அப்போதே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அடுத்த மாதம் குடியேறிக்கொள்ளலாம். இருவரில் ஒருவருக்கு வேலை மாறினால் இரண்டு மாத முன்னறிவிப்பில் வீட்டைக் காலி செய்யலாம், முன்பணத்தில் வெள்ளையடிப்புக்கு மேல் பிடித்தம் இல்லை என்ற இரண்டு வரிகளைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தை இருவர் பெயரிலும் போட்டுக்கொண்டால், கணவர் வெளியூரில் இருக்கும் நாளில் உரிமையாளரிடம் ஏதேனும் பேச வேண்டியிருந்தாலும் மனைவி உரிமையோடு பேச முடியும்.