லேசர் அறையில் ரோபோவை வழிநடத்துவது எப்படி

சாகச விளையாட்டுகளில் வரும் லேசர் அறைப் புதிர்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். அறையின் ஒரு மூலையில் ரோபோ நிற்கும். எதிர் மூலையில் ஒரு கதவோ, சாவியோ, மின்கலமோ காத்திருக்கும். இடையில் சுவரிலிருந்து சுவருக்குக் கதிர்கள் பாய்ந்துகொண்டிருக்கும். ஒரு கதிர் மேலே பட்டாலும் ரோபோ எரிந்துபோகும், அல்லது எச்சரிக்கை மணி ஒலித்து ஆட்டம் தொடக்க இடத்துக்கே திரும்பிவிடும். இந்தப் புதிரில் திரும்பத் திரும்பத் தோற்பவர்களில் பலர் தங்கள் விரல்களுக்கு வேகம் போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இதற்கு வேண்டியது நிதானமான காலக் கணக்குதான். ரோபோ எந்தச் சதுரத்தில் கால் வைக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில் அங்கே கால் வைக்கிறது என்பதையும் சேர்த்தே திட்டமிட்டால், முடியவே முடியாது என்று தோன்றிய அறையையும் பதறாமல் கடக்கலாம்.

அறைக்குள் நுழைந்ததும் ரோபோவை நகர்த்தாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முதல் வேலை. கதிர்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும்: எப்போதும் எரிவன, குறித்த இடைவெளியில் அணைந்து எரிவன, இடம்பெயர்வன அல்லது சுழல்வன, பொத்தானுக்கோ உணரிக்கோ கட்டுப்பட்டவை. எப்போதும் எரியும் கதிரைச் சுவர் என்று கருதிவிடலாம். அதை நேராகக் கடக்க வழியில்லை, சுற்றிச் செல்லவோ மறைக்கவோ அணைக்கவோதான் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வைத்திருக்கும் அறைகளும் உண்டு. உண்மையான லேசர் கதிரும் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வழியில் உள்ள தூசியோ புகையோ ஒளியைச் சிதறடிக்கும்போதுதான் அதன் கோடு புலப்படும். இந்த இயல்பைப் பயன்படுத்தியே, நீராவிக் குழாயைத் திறந்தாலோ புகையைப் பரப்பினாலோ மறைந்த கதிர்கள் வெளிப்படும்படி சில புதிர்கள் அமைக்கப்படுகின்றன. எனவே அறையில் காரணமில்லாமல் ஒரு குழாயோ காற்றாடியோ இருந்தால், அதை அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்து, காலத்தை அளக்க ஓர் அலகு வேண்டும். ரோபோ ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்குச் செல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒரு துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதிரும் எத்தனை துடிப்பு எரிகிறது, எத்தனை துடிப்பு அணைந்திருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். கதிர் எரியத் தொடங்கும்போது எழும் ஓசையைக் காதால் எண்ணுவது பல நேரங்களில் கண்ணால் பார்ப்பதைவிடத் துல்லியமாக அமையும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்களுக்கு ஓசையும் கதிரின் இடமும்தான் நம்பகமான குறிப்புகள். இங்கே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: கதிர்களின் கடிகாரம் அறைக்குள் நுழைந்த கணத்திலிருந்து ஓடுகிறதா, அல்லது ரோபோவுக்கு முதல் கட்டளை கொடுத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறதா? முன்னதாக இருந்தால், புறப்படும் நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பின்னதாக இருந்தால், தொடக்கம் எப்போதும் ஒன்றுதான். காத்திருப்பதையும் கட்டளை வரிசைக்குள்ளேயே எழுதியாக வேண்டும்.

விளையாட்டின் விதிகளைச் சோதித்தல்

திட்டம் போடுவதற்கு முன்பு ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, ரோபோ எரிந்தாலும் பரவாயில்லை என்று சில சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. கதிர் அணையும் அதே துடிப்பில் அந்தச் சதுரத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சில விளையாட்டுகளில் முதலில் கதிர்களின் நிலை மாறி, பிறகு ரோபோ நகரும். சிலவற்றில் முதலில் ரோபோ நகர்ந்து, பிறகு கதிர்கள் மாறும். இந்த வரிசை தெரியாமல் போடும் கணக்கு எல்லாமே ஒரு துடிப்பு பிசகும். கதிரே சதுரம் சதுரமாக நகரும் அறைகளில், ரோபோவும் கதிரும் ஒரே துடிப்பில் எதிரெதிராக இடம் மாறிக்கொண்டால் மோதலாகக் கொள்ளப்படுகிறதா என்பதையும் அறிய வேண்டும். துடிப்பின் முடிவில் மட்டும் மோதலைச் சோதிக்கும் விளையாட்டு அந்த இடமாற்றத்தை அனுமதித்துவிடும். இடைவிடாமல் சோதிக்கும் விளையாட்டு அனுமதிக்காது. ரோபோவின் உடல் ஒளியை மறைக்கிறதா என்பதும் முக்கியம். கதிர் ஓர் உணரியில் விழுவதால் திறந்திருக்கும் கதவு, ரோபோ குறுக்கே நின்றவுடன் மூடிக்கொள்ளலாம்.

முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். ஒரே வரிசையில் ஏழு சதுரங்கள் கொண்ட நடைவழியில் ரோபோ 1ஆம் சதுரத்தில் நிற்கிறது. அது 7ஆம் சதுரத்தை அடைய வேண்டும். 3ஆம் சதுரத்தைக் கடக்கும் கதிர் இரட்டைப்படைத் துடிப்புகளில் எரியும், ஒற்றைப்படைத் துடிப்புகளில் அணைந்திருக்கும். 5ஆம் சதுரத்துக் கதிர் 3, 6, 9, 12 என மூன்றின் மடங்குகளில் மட்டுமே அணையும். 6ஆம் சதுரத்துக் கதிர் நான்கு துடிப்புச் சுற்றில் இயங்குகிறது. துடிப்பு எண்ணை நான்கால் வகுத்தால் மீதி 0 அல்லது 1 வரும்போது அது அணைந்திருக்கும், 2 அல்லது 3 வரும்போது எரியும். மற்றச் சதுரங்கள் பாதுகாப்பானவை. ரோபோ முன்னோக்கி மட்டுமே நகரும். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு சதுரம் நகரலாம், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கலாம்.

திறப்பு கிடைத்தவுடன் முன்னேறுபவர் இந்த நடைவழியில் என்ன செய்வார்? நேராக ஓடினால் 2ஆம் துடிப்பிலேயே 3ஆம் சதுரத்தில் எரிந்துபோவார். ஒரு துடிப்பு நின்று 3ஆம் துடிப்பில் அதைக் கடந்து, 4ஆம் துடிப்பில் 4ஆம் சதுரத்தை அடைந்து, அங்கிருந்து 6ஆம் துடிப்பில் 5ஆம் சதுரம் திறந்ததும் அதில் பாய்வார். 7ஆம் துடிப்பில் 5ஆம் சதுரம் மீண்டும் எரியத் தொடங்கும். முன்னால் உள்ள 6ஆம் சதுரத்திலும் கதிர் எரிந்துகொண்டிருக்கும், ஏனெனில் 7ஐ நான்கால் வகுத்தால் மீதி 3. நிற்கவும் முடியாது, முன்னேறவும் முடியாது. அவர் பயன்படுத்திக்கொண்ட திறப்பு உண்மையில் ஒரு பொறி.

இதையே முடிவிலிருந்து பார்த்தால் சிக்கல் தானாக அவிழும். 5ஆம் சதுரத்தில் ஒரு துடிப்புக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே அதில் நுழைந்த அடுத்த துடிப்பிலேயே 6ஆம் சதுரம் அணைந்திருக்க வேண்டும். மூன்றின் மடங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தால், 3 பொருந்துகிறது, ஆனால் அதற்குள் ரோபோ அங்கே போய்ச் சேர முடியாது. 6உம் 9உம் பொருந்தவில்லை. 12 பொருந்துகிறது, ஏனெனில் 13ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. எனவே 12ஆம் துடிப்பில் 5ஆம் சதுரம், 13இல் 6ஆம் சதுரம், 14இல் இலக்கு. இனி முன்பகுதியை நிரப்புவது எளிது: நகர், நில், நகர், நகர், ஏழு முறை நில், பிறகு மூன்று முறை நகர். நீண்ட காத்திருப்பை 4ஆம் சதுரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடினமான பகுதிக்கு முந்தைய கடைசிப் பாதுகாப்பான சதுரத்தில் காத்திருந்தால், புறப்பட்ட பிறகு வேறு எந்தக் கதிரைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. நிற்பதும் ஒரு நகர்வுதான் என்பதை ஏற்றுக்கொண்டவருக்கு இவ்வகைப் புதிர்களில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கதிர்களின் சுற்றுகள் 2, 3, 4 துடிப்புகளாக இருந்தால், அறை முழுவதும் அவற்றின் மீச்சிறு பொது மடங்கான 12 துடிப்புக்கு ஒரு முறை தொடக்க நிலைக்கே திரும்பும். ஆகவே 12 துடிப்புக்கு மட்டும் அட்டவணை போட்டால் போதும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அதன் மறுபதிப்பு. ஒரு முழுச் சுற்றிலும் எங்கும் வழி கிடைக்கவில்லை என்றால், காத்திருந்து பயனில்லை. அறையில் இன்னும் தொடாத பொத்தானோ, நகர்த்தாத பெட்டியோ இருக்கிறது என்று பொருள்.

கட்டளைகளை முன்கூட்டியே வரிசையாக எழுதி ரோபோவை அனுப்பும் விளையாட்டுகளில் திசைக் குழப்பம்தான் அதிகப் பிழைகளைத் தருகிறது. 1967இல் உருவான லோகோ என்னும் நிரல் மொழியில், கட்டளைப்படி நகரும் ‘ஆமை’ என்ற சிறு ரோபோவுக்கோ திரை உருவத்துக்கோ கட்டளையிட்டதைப் போலவே, இங்கும் இடம், வலம் என்பவை ரோபோவின் பார்வையிலிருந்து கணக்கிடப்படுகின்றன. ரோபோ நம்மை நோக்கி நின்றால் அதன் வலம் நமக்கு இடம். லோகோ கற்பித்தவர்கள் பிள்ளைகளையே ஆமையாக நினைத்து எழுந்து நடந்து பார்க்கச் சொன்னார்கள். இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. தாளில் ஓர் அம்புக்குறி வரைந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் தாளையே திருப்பிப் பார்த்தாலும் போதும். திரும்புவதற்கு ஒரு துடிப்பு செலவாகிறதா என்பதையும் மறக்காமல் சோதிக்க வேண்டும். செலவானால், வளைவுகள் நிறைந்த குறுகிய வழியைவிட நேரான நீண்ட வழி விரைவில் இலக்கைச் சேர்க்கலாம்.

சுழலும் கதிர்களுக்கு வேறு கணக்கு. கதிரின் பின்னால் ஒட்டிச் செல்ல வேண்டுமானால், சுழலும் கருவிக்கு அருகிலேயே நடக்க வேண்டும். 12 நொடிக்கு ஒரு முறை முழுதாகச் சுழலும் கதிரை எடுத்துக்கொண்டால், கருவியிலிருந்து நான்கு சதுரத் தொலைவில் அது நொடிக்கு இரண்டு சதுரத்துக்கும் சற்று அதிகமான வேகத்தில் பாய்கிறது. ஒரு சதுரத் தொலைவிலோ நொடிக்கு ஏறக்குறைய அரைச் சதுரம்தான் நகர்கிறது. மெதுவாக நடக்கும் ரோபோவும் அங்கே கதிருக்கு ஈடுகொடுத்துவிடும். கதிருக்கு எதிர்த்திசையில் செல்வதானால் தூண்களின் நிழலை நம்பித்தான் செல்ல வேண்டும்: கதிர் தூணில் மோதும் கணத்தில் அதன் பின்னால் இருந்துவிட்டு, கதிர் நகர்ந்ததும் அடுத்த மறைவிடத்துக்கு ஓட வேண்டும்.

பெட்டிகளும் கண்ணாடிகளும்

நகர்த்தக்கூடிய பெட்டி இருந்தால், அதைக் கதிருக்கு எவ்வளவு அருகில் வைப்பது என்பதைவிட, கதிர் புறப்படும் முனைக்கு எவ்வளவு அருகில் வைப்பது என்று யோசிக்க வேண்டும். முனையை ஒட்டி வைத்த பெட்டி கதிரின் முழுப் பாதையையும் இருளாக்கிவிடும். பெட்டியைச் சுவர் மூலைக்குத் தள்ளிவிட்டால் பல விளையாட்டுகளில் திரும்ப எடுக்க முடியாது. அதனால் தள்ளுவதற்கு முன் எந்தப் பக்கத்தில் நின்று தள்ளப்போகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிப் புதிர்களில் ஒளியியலின் எளிய விதிகளே பெரும்பாலும் செல்லும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால், 45 பாகை சாய்ந்த கண்ணாடி கதிரைச் செங்கோணத்தில் திருப்பும். இடக்கீழிலிருந்து வலமேலாகச் சாய்ந்த கண்ணாடி, வலப்பக்கம் செல்லும் கதிரை மேல்நோக்கித் திருப்பும்; அதே கண்ணாடியை 90 பாகை திருப்பி வைத்தால் கதிர் கீழ்நோக்கிச் செல்லும். கண்ணாடியை எவ்வளவு திருப்புகிறோமோ அதைப் போல் இரு மடங்கு கதிர் திரும்பும் என்பதே இதற்குக் காரணம். பத்துப் பாகை திருப்பினால் இருபது பாகை. ஒளி சென்ற வழியே திரும்பி வரவும் கூடும் என்பதால், இங்கும் உணரியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கோடு வரைந்து, அது எந்தக் கண்ணாடியைத் தொடுகிறது என்று பார்ப்பது விரைவில் விடை தரும். ஆனால் எல்லா விளையாட்டும் இயற்பியலை அப்படியே பின்பற்றுவதில்லை. உண்மை ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று தடையின்றி ஊடுருவிச் செல்லும். 2014இல் வெளிவந்த தி டாலோஸ் பிரின்சிபிள் விளையாட்டிலோ வேறு வேறு நிறக் கதிர்கள் குறுக்கிட்டால் ஒன்றையொன்று தடுத்துவிடும். அங்கே அந்தத் தடைதான் புதிரின் உயிர்.

ரோபோ எரிந்துவிட்டால், எரிந்த சதுரத்தை மட்டும் பார்த்துத் திருத்துவது பெரும்பாலும் பயன் தராது. முந்தைய எடுத்துக்காட்டில் ரோபோ 7ஆம் துடிப்பில் அழிந்தாலும், தவறு நடந்தது 4ஆம் சதுரத்தை விட்டுப் புறப்பட்ட முடிவில்தான். எனவே எரிந்த துடிப்பிலிருந்து பின்னோக்கி வந்து, ரோபோ கடைசியாகப் பாதுகாப்பாக நின்ற சதுரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து புறப்படும் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே முயற்சியில் பாதையையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால், எந்த மாற்றம் பலித்தது என்று தெரியாமல் போகும். பாதி வழியில் பாதுகாப்பான இடம் கிடைத்தால் அங்கே ஆட்டத்தைச் சேமிக்கலாம். ஆனால் சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது கதிர்களின் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறதா, முதலிலிருந்து ஓடுகிறதா என்பதை ஒரு சுற்று நின்று பார்த்துவிட்டே அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.