பழைய வேகன் வாங்கப் போறீங்களா? முதல்ல பின்பக்கம் போய் நில்லுங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய டாடா இண்டிகோ மெரினாவை, அதாவது இண்டிகோவின் பின்பக்கம் நீண்ட வேகன் வடிவத்தை, தேடி அலைகிற பையன்கள் கூடியிருக்கிறார்கள். காரணம் புரிகிறது. புது எஸ்யூவி விலை கைக்கு எட்டவில்லை. சின்னக் காரில் வீட்டார் எல்லாரும் ஏறிவிட்டால் ஒரு வாழைக்குலைக்குக்கூட இடம் இருக்காது. மெரினாவில் பின்சீட்டை மடக்கினால் குலையும் போகும், சக்கையும் (பலாப்பழம்) போகும், தையல் மெஷினும் போகும். வந்த காலத்தில் "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று கேலி பேசிய அதே ஊர்தான் இன்றைக்கு "கொள்ளாமே" (நல்லாயிருக்கே) என்கிறது.

தக்கலைப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு இப்படி வாங்கிய வண்டிகள்தான் அடிக்கடி வருகின்றன. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்தைத்தான் இந்தப் பையன்களும் செய்கிறார்கள். ஆயில் பார், டயர் பார், ஆர்சியில் லோன் பாக்கி இருக்கிறதா பார் என்பதெல்லாம் எவரும் சொல்வார்கள்; அதை விட்டுவிடுகிறேன். மற்றத் தப்புகள் ஒவ்வொன்றாக இதோ.

முகத்தைப் பார்த்து மாடலை முடிவு பண்ணுவது

மெரினா வந்தது 2004-ல். அதற்கு முந்தைய இண்டிகோ செடானின் தளம்தான், வீல்பேஸ் 2450 மி.மீ. பிற்பாடு கம்பெனி முகத்தைத் திருத்தியது. ஹெட்லைட், கிரில், பம்பர் மாறின, உள்ளே டேஷ்போர்டும் கொஞ்சம் தெளிந்தது. டீசலில் டைக்கார் என்ற காமன் ரெயில் எஞ்சினும் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற, எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள வகை) வந்தது. பழைய டர்போ டீசலும் டைக்காரும் 1.4 லிட்டர்தான், ஆனால் குணம் வேறு. முன்னது 62 குதிரைத்திறன், பின்னது 70. எட்டுக் குதிரை பெரிய வித்தியாசம் இல்லை. டைக்கார் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே 140 நியூட்டன் மீட்டர் இழுவையைக் கொடுத்துவிடும், அதுதான் வித்தியாசம். ஆள் ஏற்றிப் போகிற வண்டிக்கு வேண்டியது அந்த இழுவைதான். பெட்ரோலும் உண்டு, 85 குதிரைத்திறன். ஓட்ட நன்றாக இருக்கும், குடிக்கவும் குடிக்கும்.

இதில் ஆபத்து என்னவென்றால், முகத்தில் இருப்பதெல்லாம் ஸ்குரூவில் நிற்கிற சாமான். பழைய வண்டிக்குப் புது ஹெட்லைட், புது கிரில், புது பம்பர் மாட்ட ஒரு நாள் போதும். "ஃபேஸ்லிஃப்ட் மாடல் அண்ணே" என்று கொண்டுவருகிறார்கள். பேனட்டைத் திறந்தால் உள்ளே பழைய ரோட்டரி டீசல் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. பம்பிலிருந்து, டீசலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டருக்கு வெறும் ஸ்டீல் பைப் மட்டும் போனால் பழைய எஞ்சின். ஒவ்வொரு இஞ்செக்டர் தலையிலும் ஒயர் சாக்கெட் இருந்தால்தான் காமன் ரெயில். இதைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம், கண் போதும். ஆர்சியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறது, அதையும் படியுங்கள்.

பாரம் ஏற்றிவிட்டு அஞ்சாம் கியரைப் பிடித்துக்கொண்டிருப்பது

தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இழுக்குது" என்று முடிவு பண்ணாதீர்கள். காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் பக்கம் திரும்பும்போது, அதுவும் காற்று மாதங்களில், அந்தக் கணவாய்க் காற்று நேர் எதிரே வரும். சும்மாவா முப்பந்தலில் அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள்? அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி, எதிர்க்காற்று என்று எல்லாம் சேர்ந்தால் 62 குதிரைக்கு மூச்சு வாங்கும். நாலாம் கியருக்கு இறங்குங்கள். இறங்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் கறுப்புப் புகை தள்ளும், வெப்ப முள் மேலே ஏறும். வீட்டு முன்னால் வந்து நின்றதும் பட்டென்று அணைக்காமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுங்கள். சுழன்றுகொண்டிருக்கிற டர்போவுக்கு ஆயில் போவது எஞ்சின் ஓடும்வரைதான்.

பின்பக்கம் தாழ்கிறதென்று ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் திணிப்பது

வேண்டாம். ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

அடியில் கறுப்பு கோட்டிங் பளபளக்கிறதென்று காசைக் கொடுப்பது

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கருங்கல் பக்கத்துப் பையன் ஒருவன் மெரினா வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். வெள்ளை வண்டி, திருத்திய முகம், உள்ளே சீட் கவர் எல்லாம் புதுசு. "அண்ணே, அடியில எல்லாம் கோட்டிங் அடிச்சாச்சு. புதுவண்டி கணக்கா இருக்கு. சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றான். ஜாக்கியில் ஏற்றும்போதே தார் வாடை அடித்தது. இருபது வயதை நெருங்குகிற வண்டிக்கு, விற்கிற வாரத்தில் எதற்கு இப்படி ஒரு ஒப்பனை? ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தரைத் தகடு நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் எல்லாம் 'ணங்' என்று கேட்டது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் 'தொப்' என்றது. திருப்பிப் பிடித்து முனையால் லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. கறுப்புத் தோலுக்கு அந்தப் பக்கம் தகடே இல்லை, உதிர்ந்த துருத்தூள்தான் கொட்டியது.

அதோடு நிற்கவில்லை. டிக்கிக்குள் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைக் கழற்றினோம். பின் ஷாக்கின் மேல்முனை பிடித்து நிற்கிற இடம் அதற்குள்தான் இருக்கிறது. மெரினாவில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக இயங்குகிறவை. வண்டியின் பின்பாரம் அந்த இரண்டு மேடையில்தான் இறங்குகிறது. ஒரு பக்கம் தகடு வெடித்து, சுற்றிலும் இலை இலையாகப் பிரிந்திருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் மாமனார்தான், "வித்தவன் ஒரு வருசம் கியாரண்டி சொன்னானே மருமகனே" என்றார். எதற்குக் கியாரண்டி? தாருக்கா?

வெட்டி, புதுத் தகடு மடக்கி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து முடிக்கையில் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதிலும் அவனுக்கு அதிர்ஷ்டம்தான். அந்த மேடை ஓடும்போது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவனிடம் சொல்லவில்லை, மாமனாரிடம் சொன்னேன்.

இது ஏன் நம்ம ஊரில் இவ்வளவு என்று கேட்டால், காரணம் மூன்று. முதலாவது உப்பு. நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடல். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். நம்ம கடற்கரையில் ராத்திரி ஆனால் அந்த அளவு வெகு சாதாரணம். அதனால் மழையே இல்லாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு நனைந்தேதான் இருக்கும். இரண்டாவது, தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. வண்டி காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

மூன்றாவது வேகனுக்கே உரியது. டிக்கி பெரிசு என்பதால் எதையும் ஏற்றுகிறோம். குளச்சல் போனால் ஐஸ் போட்ட மீன் பெட்டி. அந்த ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கி, ஸ்டெப்னிக் குழியில் போய்த் தேங்குகிறது. மேலே துடைத்துவிட்டு வாசனைக் குப்பி வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். டிக்கிக் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங் காய்ந்துபோயிருந்தால் மழைத்தண்ணீரும் அதே குழிக்குத்தான். செடானில் டிக்கி தனி அறை; வேகனில் எல்லாம் ஒரே கூடம். காலையில் கண்ணாடி முழுக்க உட்பக்கம் ஆவி படிந்திருந்தால், முதலில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள்.

இப்படித் துருப்பிடித்த தகட்டின் மேல் தாரை அடிப்பது, நனைந்த வேட்டியை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற வேலை. உள்ளே மாட்டிய ஈரமும் உப்பும் வெளியே போக வழியில்லை. கொஞ்ச மாதத்தில் தார் இறுகி, கல் பட்டுக் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே இன்னும் தண்ணீர் ஏறும், இறங்காது. வெளியே இருந்து பார்த்தால் கறுகறுவென்று அழகாகத்தான் இருக்கும். கோட்டிங்கே கெட்டது என்று நான் சொல்லவில்லை. புதுத் தகட்டில், சுத்தமான தகட்டில் அடித்தால் அது காப்பாற்றும். துருவின் மேல் அடித்தால் துருவைத்தான் காப்பாற்றும். இன்னொரு கொடுமை, அடிக்கிற அவசரத்தில் தரைத் தகட்டில் கம்பெனி விட்ட வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் வழி இதுதான். ஜனவரிக்கு மேல் மழை விட்ட நாளாகப் பார்த்து, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலோர வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் வாரா வாரம் கழுவுகிறவர் வண்டியை வாரா வாரம் கடலில் இறக்குகிறார். கழுவியதை நன்றாகக் காயவிடுங்கள். பழைய கோட்டிங்கைச் சுரண்டி எடுத்து, ஒயர் பிரஷ்ஷால் தகடு பளிச்சிடும் வரை தேயுங்கள். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு. பழசின் மேல் ஒட்டு வைக்கவிடாதீர்கள். காமன் ரெயில் வண்டியானால் வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரானிக் பெட்டிக்கும் சேர்த்துச் செலவு வரும். பிறகு துரு மாற்றும் திரவம், அது காய்ந்தபின் எபாக்சி பிரைமர், அதற்கும் மேல்தான் கோட்டிங். மூடிய பெட்டி போன்ற பாகங்களுக்குள் தார் போகாது. அங்கே மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும். கடைசியில் ஒரு கம்பியை விட்டு வடிகால் ஓட்டை ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கப் போகிற இடத்தில் இதையெல்லாம் செய்ய முடியாது, சரி. ஆனால் கார்ப்பெட்டைத் தூக்க முடியும். ஸ்டெப்னியை வெளியே எடுக்க முடியும். சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்ட முடியும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின் மட்கார்டில் வைத்துப் பார்க்க முடியும். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். "அதெல்லாம் கழற்றக்கூடாது" என்று விற்கிறவர் சொன்னால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட் பில் இல்லாமல் ஓட்டுவது

இண்டிகா வழி வந்த அந்தப் பழைய டர்போ டீசலில் டைமிங் பெல்ட் (வால்வும் பிஸ்டனும் மோதாமல் ஒத்து ஓட வைக்கிற ரப்பர் பட்டை) அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. "போன ஓனர் மாத்திட்டாரு" என்பது பில் ஆகாது. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. பில் இல்லையா, வாங்கிய வாரமே மாற்றுங்கள்.

மேல் கேரியரில் அளவில்லாமல் ஏற்றுவது

காங்கிரீட் கம்பி ஏற்ற வேறு வண்டி இருக்கிறது.

ஆர்சி புதுப்பிப்பை விலையில் சேர்க்காமல் பேசுவது

இன்று கைக்கு வருகிற மெரினாக்களில் பெரும்பாலானவை 15 ஆண்டைத் தாண்டியவை. சொந்த வண்டிக்கு அதன்பின் ஆர்சி 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பித்துக் கிடைக்கும், அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. 2025-ல் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டைக் கடந்த காருக்கு 10,000. பசுமை வரி தனி. விற்கிறவர் "எஃப்சி (தகுதிச் சான்று) சும்மா கிடைச்சிரும்" என்றால், அவரே எடுத்துத் தரட்டும், அதன்பின் காசு கொடுங்கள்.

பார்ட்ஸ் எல்லாம் கிடைக்கும் என்று நம்புவது

பாதி உண்மை. எஞ்சின், கியர், பிரேக் சாமான்களில் பெரும்பாலானவை இண்டிகாவுக்கும் இண்டிகோவுக்கும் பொது. நாகர்கோவிலில் இல்லாவிட்டால் திருநெல்வேலியில் கிடைக்கும். பலேனோ அல்டூரா, கோர்சா ஸ்விங் போன்ற பழைய வேகன்கள் வைத்திருப்பவர்களைவிட மெரினாக்காரர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர். டாடாவின் முந்தைய வேகனான எஸ்டேட் வைத்திருப்பவர் கதையைக் கேட்டால் அழுகை வரும். 1990களின் தொடக்கத்திலேயே பவர் விண்டோவோடு வந்த வண்டி, இன்றைக்கு அதற்கு ஒரு கண்ணாடி ஸ்விட்ச் தேடி அலைகிறார்கள்.

மெரினாவிலும் நடுக்கதவுக்குப் பின்னால் இருப்பது எல்லாம் மெரினாவுக்கு மட்டும்தான். டிக்கிக் கதவு, பின்கண்ணாடி, பக்கவாட்டுச் சின்னக் கண்ணாடி, டெயில் லைட், டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் ஷாக் எதற்கும் செடான் சாமான் பொருந்தாது. முன்னால் இடித்தால் ஒரு வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். ரிவர்ஸில் தென்னையில் இடித்தால் மாதக்கணக்கில் ஷெட்டில்தான். அதனால் டெயில் லைட் உடைந்த வண்டியைப் "பிறகு மாத்திக்கலாம்" என்று வாங்காதீர்கள். உடைத்து விற்கப்படுகிற மெரினா எங்காவது கண்ணில் பட்டால் டெயில் லைட் ஒரு ஜோடியும் பின்கண்ணாடியும் வாங்கி, பழைய போர்வையில் சுற்றி மச்சில் போட்டுவையுங்கள். கேஸ் ஷாக்கை மட்டும் பழசு வாங்க வேண்டாம், அது மழைக்காலத்தில் மண்டையில்தான் இறங்கும்.