மக்கார்தர் பாம்: பொறுக்கி வந்த பழத்திலிருந்து நாற்று

கல்யாண மண்டப வாசலில், பாக்கு மரத்தை இளைக்க வைத்தது போல நாலைந்து தண்டுகள் ஒரே தூரில் நிற்கும் பனையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மக்கார்தர் பாம். இலை நுனி கூராக இல்லாமல் எலி கடித்தது போலப் பிசிறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடகோடியும் நியூகினியும். 19-ஆம் நூற்றாண்டில் சிட்னிப் பக்கம் தோட்டக்கலையில் பேர்பெற்றிருந்த வில்லியம் மக்கார்தரின் பெயரைத்தான் சுமக்கிறது. நம் ஊர் வெப்பம் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

நர்சரியில் வளர்ந்த செடி நல்ல விலை. பழமோ மரத்தடியில் சும்மா கிடக்கிறது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கத்தரி, வெண்டை விதையெல்லாம் வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்போம் இல்லையா? அதே பழக்கத்தில் இந்தக் கொட்டைகளையும் மூன்று நாள் மொட்டை மாடியில் காயப்போட்டு, ஒரு மாதம் கழித்து விதைத்தேன். நாற்பதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. காய்ந்தால் இந்த விதை செத்துவிடும். பொறுக்கிய வாரமே விதைத்துவிடுங்கள்.

பழம் எடுப்பது

நன்றாகச் சிவந்த பழம்தான் வேண்டும். பச்சையும் மஞ்சளுமாக இருப்பதைப் பறித்து வந்து பயனில்லை. தானாக உதிர்ந்தது என்றால் இன்னும் நல்லது. எல்லாமே முளைக்காது என்பதால் இருபது முப்பதாவது பொறுக்குங்கள்.

சதை நீக்குவது

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பழச்சாறு பட்டால் அரிக்கும். சேனைக்கிழங்கு நறுக்கும்போது வருமே, அந்த மாதிரி. பழங்களை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பிறகு ஒரு பழைய சல்லடையில் போட்டுத் தேய்த்தால் சதை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். சுத்தமான கொட்டையில் நெடுக ஐந்து பள்ளங்கள் தெரியும். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்கும். ஆசைக்கு ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் மற்றவையும் நன்றாகவே இருக்கும். தண்ணீரில் மிதப்பதையெல்லாம் தூக்கிப்போடச் சொல்வார்கள். பனை வகை விதைகளில் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை.

முளைக்க வைப்பது

தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக்கூடாது. அதுதான் பதம். ஜிப் வைத்த கவரில் இதோடு கொட்டைகளைக் கலந்து, மூடி, தேதி எழுதி, சூடாக இருக்கும் நிழலான இடத்தில் வையுங்கள். 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் இதற்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டில் சமையலறைப் பரண். நேர் வெயிலில் வைத்தால் கவருக்குள் விதை வெந்துவிடும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். புது விதை இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கத் தொடங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை திறந்து காற்றாட விட்டு, பூஞ்சை பிடித்ததை மட்டும் எடுத்துவிடுங்கள். பனங்கொட்டையில் முளை மண்ணுக்குள் ஆழமாக இறங்கிக் கிழங்காகும். இது அப்படியில்லை. கொட்டையை ஒட்டியே பட்டன் போல ஒரு வெள்ளைப் புடைப்பு வரும், அதிலிருந்தே வேரும் குருத்தும் கிளம்பும். அதைப் பார்த்ததும் வெளியே எடுத்துவிடலாம். மீதிக் கவரை எறிந்துவிடாதீர்கள். நான் குப்பையில் கொட்டப்போன கவரில் ஐந்தாவது மாதம் இரண்டு முளைத்திருந்தன.

பைக்கு மாற்றுவது

அகலத்தைவிட உயரம் கூடிய நாற்றுப் பை எடுங்கள், வேர் கீழ்நோக்கி ஓடும். செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. கொட்டை மண்ணில் லேசாக மறையும் அளவு ஆழம் போதும். கொட்டையைப் பிய்த்துவிடக் கூடாது. நாற்றுக்குச் சில வாரச் சாப்பாடு அதற்குள்தான் இருக்கிறது. முதல் இலை மீன்வால் போல இரண்டாகப் பிளந்து வரும். அதைப் பார்த்து வேறு செடியோ என்று பயப்பட வேண்டாம்.

மேல்மண் காயத் தொடங்கும்போது தண்ணீர் விட்டால் போதும். இரண்டாவது இலை விரியும்வரை உரம் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் நத்தை குருத்தைத் தின்றுவிடும், ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். என் நாற்றுகள் முதல் வருஷத்தில் முழங்கால்கூட எட்டவில்லை.

தரையில் வைக்க அவசரம் வேண்டாம், இரண்டு வருஷமாவது பையிலோ தொட்டியிலோ இருக்கட்டும். வைக்கும்போது காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் பக்கமாகப் பாருங்கள். தூர் பெருக்கும் என்பதால் சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி வையுங்கள்.