படுவான்கரையில் காட்டோர வீடு: முதல் படத்தை நீங்களே போடுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மரம் நிறைந்த காணி ஒன்று இருக்கிறது, டவுன் வீடு மாதிரி வேண்டாம், ஓடும் மரமும் விறாந்தையுமாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இது. மேசனிடம் போகுமுன் ஒரு கொப்பித் தாளில் நீங்களே படம் போடலாம். ஆனால் அறைகளிலிருந்து தொடங்காதீர்கள். தண்ணீர், காற்று, யானை மூன்றையும் குறித்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் வீடு.

அதற்கும் முன்னால் காணிக் கடதாசி. உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியா, வன இலாகாவின் எல்லைக்கல் எங்கே என்று கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் தெளியுங்கள். வளவில் நிற்கும் முதிரை, பாலை மரங்களை வெட்டுவதாக இருந்தால் அனுமதியையும் விசாரியுங்கள்.

சரி, இனித் தாள். வடக்கைக் குறித்து, பெரிய மரங்களை வட்டமாகப் போடுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை நின்றது என்று அயலில் இருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள், கையால் காட்டுவார்கள். வீட்டின் தளம் அதற்கு மேலே ஒன்றரை அடியாவது உயர வேண்டும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி விடுங்கள், மணல் நிலமென்றால் இன்னும் தள்ளி.

அடுத்தது காற்று. மாரியில் வடகிழக்கிலிருந்து மழையோடு வாடை. வைகாசி தொடக்கம் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அனலாகக் கச்சான். வீட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் காலை, மாலை வெயில் படும் சுவர்கள் குறுகும். வடக்கிலும் தெற்கிலும் யன்னல் நேருக்கு நேர் இருக்கட்டும். வடக்குப் பக்கம் தாழ்வாரத்தை 3 அடி நீட்டுங்கள், இல்லாவிட்டால் சாரல் யன்னலுக்குள். விறகடுப்புக் குசினி தென்கிழக்கில். வாஸ்துவில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை, ஆனாலும் அக்கினி மூலை இங்கே சரியாகத்தான் வருகிறது: அந்த மூலை இரண்டு காற்றுக்கும் பக்கவாட்டில் இருப்பதால், எந்தப் பருவத்திலும் புகை சாலைக்குள், அதாவது வீட்டின் நடுக் கூடத்துக்குள், வருவது குறைவு.

கூரைக்குக் கூடுதல் யோசனை வேண்டும். மரத்தடி வீட்டில் இலை விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு கூரை சந்திக்கும் பள்ளத்தில் அது அடைத்தால் உள்ளே ஒழுகும். அதனால் மூலை முடுக்கு இல்லாத நீள்சதுர வீடு, நாலு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை. புயலுக்கும் இதுவே நல்லது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் கூரை கழன்றதைத்தான் முதலில் சொல்வார்கள். சுவர் உச்சியில் சுற்றிவரக் கொங்கிரீட் பீம் போட்டு, கைமரங்களை இரும்புப் பட்டியால் அதோடு பிணைக்கச் சொல்லுங்கள். விறாந்தைத் தூண்களை மண்ணில் நடவேண்டாம், கறையான் விடாது. கொங்கிரீட் பாதத்தில் நிறுத்துங்கள்.

யானைக்கு நெல் மணம் போதும், சுவரை உடைக்கும். நெல் மூட்டை வைக்கும் அறை வெளிச்சுவரில் இருக்கக்கூடாது, படுக்கையறைக்கு ஒட்டியும் கூடாது. வாழையையும் பலாவையும் வீட்டோடு சேர்த்து நடாதீர்கள்.

இப்போது அறைகள். தொடக்கத்துக்கு 40க்கு 24 அடி: தெற்கே 8 அடி விறாந்தை, நடுவில் சாலை, இரு பக்கமும் அறைகள். இதை அப்படியே நிலத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு குத்தி அடித்துக் கயிறு கட்டி, ஒரு பக்கம் 3 அடியிலும் மறுபக்கம் 4 அடியிலும் அடையாளமிடுங்கள். இரண்டுக்கும் இடையில் 5 அடி வந்தால் மூலை மட்டம், அதாவது சரியான செங்கோணம். நாலு மூலையும் முடிந்ததும் கட்டில் அளவுக்கு ஒரு பாயை விரித்து, கதவு திறக்குமா, ஆள் சுற்றி நடக்கலாமா என்று பாருங்கள். முக்கால்வாசி வீட்டில் அறை சிறுத்துவிட்டது என்று தெரிவது இந்த இடத்தில்தான். கயிறு கட்டியிருக்கும்போதே மேசனைக் கூட்டிவந்து காட்டுங்கள். அப்புறம் அளவுகளைப் படம் வரைபவரிடம் கொடுத்தால், பிரதேச சபை அனுமதிக்கான பிளானைப் போட்டுத் தருவார்.