பழைய ரேசர், சேவிங் பிரஷ் கிடைச்சா இத கவனிங்க

ஹட்டன், பண்டாரவளை பக்கம் பழைய சாமான் கடையிலயோ வீட்டுப் பெட்டியிலயோ பழைய ஜில்லெட் ரேசர் கிடைச்சா தயவுசெஞ்சு பழைய இரும்புக்கு போட்றாதீங்க. கருப்பா பச்சையா இருந்தாலும் அனேகமா உள்ள பித்தளைதான், மேல நிக்கல் பூச்சு, நல்லா சுத்தம் பண்ணலாம். மூணு துண்டா கழட்டி (உள்ள பழைய பிளேடு இருக்கும், கை கவனம்) சுடுதண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் விட்டு அரை மணித்தியாலம் ஊறப்போட்டு பழைய டூத் பிரஷால தேய்ங்க, காஞ்சு ஒட்டின சோப்பெல்லாம் கரைஞ்சு வரும், முக்கியமா பிடியோட வெட்டு வரிக்குள்ளயும் திருகு மரைக்குள்ளயும் தேய்க்கணும். பிடி பேக்லைட்னா (பழைய காலத்து கெட்டி பிளாஸ்டிக்) கொதிதண்ணி வேணவே வேணாம். தங்கக் கலர்னா பிராசோ (பித்தளை மினுக்குற பாலிஷ்) பக்கமே போகாதீங்க, அந்தப் பூச்சு ரொம்ப மெல்லிசு, தேச்சா போயிரும். அடிய முறுக்குனா மேல தொறக்குற வகைன்னா காஞ்சதும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க.

பிரஷ் விஷயம் வேற. முதலாம் உலகப்போர் காலத்துல சரியா சுத்தம் பண்ணாத குதிரை முடி பிரஷால அந்த்ராக்ஸ்ங்கிற கிருமி நோய் வந்து ஆளுங்க செத்திருக்காங்க, அதனால எந்த முடின்னு தெரியாத ரொம்ப பழைய பிரஷ மூஞ்சில வைக்காதீங்க, பிடிய மட்டும் வச்சுக்கிட்டு புது முடிக்கட்டு ஒட்டிக்கலாம், அந்தப் பிடிதானே அழகே. நம்ம நுவரெலியா ஈரத்துக்கு பிரஷ டப்பாவுல மூடி வச்சா பூஞ்சணம் புடிச்சிரும், தண்ணிய நல்லா உதறி காத்து படுற எடத்துல வைங்க, மழைக்காலத்துல அடுப்படி பக்கம் வைக்கலாம் ஆனா சூடு நேரா படக்கூடாது.